மூன்று அலமாரிகளும் ஒரு கடற்கரையும்

1. முன்னுரை

திருத்தூதர் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் ஒரு சிறிய வேண்டுகோள் காணப்படுகிறது (2 தீமோத்தேயு 4:13). துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் தாம் விட்டுவந்த மேலங்கியையும், நூல்களையும், சிறப்பாகத் தோலில் எழுதிய சுருள்களையும் கொண்டுவர வேண்டுமென அவர் கேட்கிறார். மரணம் அண்மையில் நிற்கிறதென்று அறிந்த ஒருவர், உடலுக்கு அங்கியையும் உள்ளத்திற்கு நூல்களையும் கேட்டார் என்பதைப் பிரசங்கிமார் பலரும் எடுத்துரைப்பதுண்டு. ஆனால் அந்நூல்களைக் காத்து வைத்திருந்த கார்ப்புவைப்பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. அவர் அவற்றை வாசித்தாரோ, புரிந்துகொண்டாரோ, நமக்குத் தெரியாது. ஆயினும் உரியவர் கேட்கும் நாள் வரை அவை அவரிடம் இருந்தன. நூலகப் பொறுப்பு என்பதன் சாரம் இதுவே.

நம் இறையியல் கல்லூரி நூலகங்களில் மூன்று அலமாரிகளைத் தனித்தனியே காணலாம். முதலாவது இறையியல், மாணவர் நாள்தோறும் கை நீட்டும் இடம். இரண்டாவது பயண நூல்கள். மிஷனெரிமாரும் அவர்களுடைய நண்பர்களும் விட்டுச் சென்றவை. மூன்றாவது ஆப்பிரிக்க வரலாறு; ஏன் வாங்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லாமல் தூசி படிந்து நிற்பவை. பின்னிரண்டும் நமக்குப் புறம்பானவை, இடத்தை அடைப்பவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. முத்துக்குளித்துறையின் திருச்சபை வரலாற்றை எழுத விரும்புகிறவருக்கு இம்மூன்றும் ஒரே தொகுப்பு என்பதும், ஒன்றை அகற்றினால் மற்ற இரண்டும் ஊமையாகிவிடும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

2. ஆதிச்சநல்லூரில் எழுந்த ஒரு வினா

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சபை வரலாறு பயிலும் மாணவர் சிலரை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துச் சென்றேன். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரவருணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்திற்கு அண்மையில் உள்ளது இவ்வூர். செம்மண் மேட்டில் ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்பில் பண்டைத் தமிழர் தம் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த இடம் அது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முற்பட்ட பொருள்களும் அங்குக் கிடைத்திருப்பதைக் கரிமக் காலக்கணிப்பு காட்டுகிறது. மத்தியத் தொல்லியல் துறையினர் 2004, 2005 ஆம் ஆண்டுகளில் 150க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தனர். 2023இல் அகழ்ந்த குழிகளை இருந்தபடியே காணத்தக்க காட்சியிடமும் அங்கே திறக்கப்பட்டது.

இம்மேட்டை முதன்முதலில் அகழ்ந்தவர் 1876இல் வந்த பெர்லின் நகரத்து டாக்டர் யாகோர் என்று மாணவர்க்குக் கூறினேன். அவர் எடுத்த பொருள்கள் பெர்லின் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. பின்னர் 1899க்கும் 1905க்கும் இடையே அலெக்சாண்டர் ரே என்பவர் விரிவாக அகழ்ந்தார். அவர் கண்டெடுத்த இரும்புக் கருவிகளும், வெண்கலக் கலங்களும், பொன்தகட்டு நெற்றிப்பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றின் பட்டியலை அவர் 1915இல் நூலாக வெளியிட்டார். பிரெஞ்சு நாட்டவரான லூயி லாப்பிக் என்பவரும் அக்காலத்தில் இங்கு வந்து அகழ்ந்து, தாம் எடுத்தவற்றைப் பாரீசுக்குக் கொண்டுசென்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவர், "ஐயா, யாகோர் என்பவர் மிஷனெரியா? கால்டுவெல் ஐயரோடு ஊழியம் செய்தவரா?" என்று வினவினார். என்னால் உடனே விடையிறுக்க இயலவில்லை. திரும்பி வந்து, நான் முன்பு பணியாற்றிய ஒரு நூலகத்தில் விடை தேட முற்பட்டேன். பயண நூல்கள் இருந்த அலமாரியில் வேறு நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. பழைய பயண நூல்களும் ஆப்பிரிக்க நூல்களும் இடநெருக்கடி காரணமாகப் பழைய புத்தக வணிகருக்கு எடைக்குப் போடப்பட்டுவிட்டன என்று சொன்னார்கள். அகற்ற வேண்டிய நூல்களின் பட்டியலையும் காட்டினார்கள். அதன் அடியில் ஒப்பமிட்டிருந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக எவரும் எடுத்துச் செல்லாத நூல்கள் என்ற ஒரே காரணத்தைக் கண்டு, தலைப்புகளைக்கூட முழுமையாகப் படிக்காமல் ஒப்பமிட்டிருந்தேன். கார்ப்பு செய்யாததை நான் செய்திருந்தேன்.

விடை வேறோரிடத்தில் கிடைத்தது. பெடோர் யாகோர் மிஷனெரியல்லர், உலகப் பயணி. சிங்கப்பூர், மலாக்கா, ஜாவா ஆகிய இடங்களைப்பற்றி 1866இலும், பிலிப்பைன் தீவுகளைப்பற்றி 1873இலும் பயண நூல்களை வெளியிட்டவர். ஆதிச்சநல்லூரை முதலில் தோண்டிய மனிதரை அறிவதற்கே பயண நூல் அலமாரி வேண்டியிருக்கிறது!

ஆப்பிரிக்க அலமாரியும் வேண்டும். ஆதிச்சநல்லூரில் கிடைத்த மண்டையோடுகளைப்பற்றிய சுக்கர்மன் என்பவரின் ஆய்வைச் சென்னை அருங்காட்சியகம் 1930இல் வெளியிட்டது. அவ்வாய்வோடு தொடர்புடைய எலியட் ஸ்மித் என்ற அறிஞர் முன்னர்க் கெய்ரோ நகரில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர். எகிப்தியப் புதைகுழிகளை ஆய்ந்து பழகிய கண்கள் தாமிரவருணிக் கரையின் எலும்புகளையும் நோக்கின. அண்மைக் காலத்திலும், இங்குள்ள எலும்புகளுள் சிலவற்றில் ஆப்பிரிக்கச் சாயல் உண்டென்று கூறியவர்கள் உளர். மண்டையோட்டின் அளவைக் கொண்டு மக்களை இனங்களாகப் பிரிக்கும் முறையை இன்றைய அறிவியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. அம்முறை எங்கே தோன்றிற்று, யாரைத் தாழ்த்தப் பயன்பட்டது என்பதை ஆப்பிரிக்க வரலாற்றைக் கற்றவரே நன்கு உணர்வர்.

3. ஒரே நூலில் இரு கரைகள்

நம் கடற்கரையைப்பற்றிய பழைய அயல்நாட்டுச் சான்றுகளில் முக்கியமானவை பல, ஆப்பிரிக்கக் கரையைப்பற்றிய சான்றுகளாகவும் இருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதற்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஆப்பிரிக்க, அரேபியக் கரைகளிலிருந்து கப்பல்களை இந்தியாவிற்குத் தள்ளிற்று; வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைத் திரும்பக் கொண்டுசென்றது. கப்பல்கள் சென்ற வழியே நூல்களும் சென்றன.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்திரையக் கடற்செலவு' இதற்கு முதற்சான்று. பெயர் அறியப்படாத அவ்வாசிரியர் செங்கடலிலிருந்து புறப்பட்டு, அதூலிசுத் துறைமுகத்தையும், கீழை ஆப்பிரிக்கக் கரையில் ரப்தா வரையுள்ள சந்தைகளையும் விவரித்துவிட்டு, இந்தியக் கரைக்குத் திரும்புகிறார். குமரியைக் கடந்ததும் கொல்கை, அதாவது நம் கொற்கை, வருகிறது. அது பாண்டியனுக்குரியதென்றும், அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கின்றனர் என்றும் அவர் குறிக்கிறார். முத்தின் ஒளியைப் பாடியோர் பலர். மூச்சடக்கி மூழ்கியவன் கைதி என்பதைச் சொன்னவர் இப்பயணி.

இரண்டாவது சான்று நம்மைப் போன்றோர்க்கு இன்னும் நெருக்கமானது. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்ற வணிகர் 'கிறிஸ்தவ நிலவியல்' என்ற நூலை எழுதினார். அவர் துறவியானார் என்பது மரபு. இந்நூல் எந்த அலமாரிக்கு உரியது? அதன் நோக்கம் இறையியல்: மோசேயின் ஆசரிப்புக் கூடாரத்தின் வடிவிலேயே உலகம் அமைந்துள்ளது, பூமி தட்டையானது என்று நிறுவ முயல்கிறது. அதன் செய்திகள் பயணம்: இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை ஒன்று மூப்பருடனும் உதவிக்காரருடனும் இருந்ததையும், மிளகு விளையும் மலைநாட்டில் கிறிஸ்தவர்கள் இருந்ததையும் அதுவே கூறுகிறது. இலங்கைக்கு எதிரே நிலப்பகுதியில் மரல்லோ என்னும் இடத்திலிருந்து சங்கு ஏற்றுமதியானதையும் குறிக்கிறது. மரல்லோ எதுவென்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சங்கு எந்தக் கடலின் செல்வம் என்பதைத் தூத்துக்குடியில் எந்தச் சங்குக்குளிகாரரும் சொல்வார். அதே நூல் ஆப்பிரிக்க வரலாறும் ஆகும். எத்தியோப்பிய நாட்டின் அதூலிசில் நின்ற ஒரு பழங்கல்வெட்டைக் கொஸ்மாஸ் படியெடுத்துத் தம் நூலில் சேர்த்தார். இன்று அக்கல் இல்லை, படி இருக்கிறது.

இந்நூலின் இறையியல் தவறானது, பூமி தட்டையன்று. இதைக் காரணங்காட்டி எவரேனும் ஒரு நூலகர் இந்நூலை அகற்றியிருந்தால், தென்னிந்தியத் திருச்சபையின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றும், எத்தியோப்பியாவின் ஓர் அரிய கல்வெட்டும் ஒருங்கே மறைந்திருக்கும். நூலின் முடிவு பிழைபட்டாலும் அதன் சாட்சி உண்மையாயிருக்கக்கூடும். பழைய நூல்களைத் தீர்ப்பிடுவோர் இதை மறத்தலாகாது.

மூன்றாவது சான்று துவார்த்தே பார்போசா. கண்ணனூரில் பணியாற்றிய இப்போர்த்துக்கீசியர் 1516 அளவில் எழுதிய நூல் ஆப்பிரிக்காவின் தென்முனையருகே தொடங்கி, கில்வா, மொம்பாசா, மலிந்தி எனக் கரையோரமாக ஏறி, இந்தியாவிற்கு வந்து, கீழக்கரையையும் காயலையும் அடைகிறது. கில்வா நகரைப் போர்த்துக்கீசியர் 1505இல் கொள்ளையிட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து அதே போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். ஒரு கரையில் அழிவாக வந்த கப்பல் மறு கரையில் அடைக்கலமாகக் காணப்பட்டது. கில்வாவை அறியாமல் 1535, 1537 ஆம் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட அந்நிகழ்ச்சியை எழுதுவோர், வரலாற்றின் பாதியையே எழுதுகின்றனர்.

4. இடையன்குடி கற்பித்த முறை

மூன்று அலமாரிகளையும் சேர்த்து வாசித்த ஆயர் ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர், தேரி மணலும் பனையும் சூழ்ந்த அவ்வூரிலிருந்தே பணியாற்றினார். மறைப்பணியும் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் அவருடைய புகழுக்குக் காரணம் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் அவர் கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்து, தம் முடிவுகளை 1877இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார் என்பதையும், 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதினார் என்பதையும் நாம் அடிக்கடி நினைப்பதில்லை.

கிரேக்க வணிகர் கூறிய கொல்கை எது? மார்க்கோ போலோ முத்து வணிகம் நடந்த இடமாகக் குறித்த காயல் எது? இவ்வினாக்களுக்கு விடைகாண அவர் ஒரு கையில் பயண நூலையும் மறு கையில் மண்வெட்டியையும் எடுத்தார். தாமிரவருணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியதால், கொற்கை துறைமுகம் உள்நாட்டு ஊராயிற்று. அதன்பின் எழுந்த காயலும் அவ்வாறே கடலை இழந்தது என்று அவர் விளக்கினார். மார்க்கோ போலோவின் நூலைப் பதிப்பித்த யூல் துரை, காயலைப்பற்றிய தம் குறிப்பில் கால்டுவெல்லின் செய்திகளைப் பயன்படுத்தினார். பனங்காட்டு ஊரின் ஆயர் ஒருவர் உலகப் பயண இலக்கியத்திற்கு விளக்கம் அளித்தார். இறையியல் அலமாரியோடு அவர் நின்றிருந்தால் இது நேர்ந்திராது.

5. இறையியல் அலமாரியில் உள்ள ஆப்பிரிக்கர்

ஆப்பிரிக்க நூல்கள் நமக்கு எதற்கு என்று கேட்போர், நம் இறையியல் அலமாரியையே சற்று உற்று நோக்க வேண்டும். தெர்த்துல்லியனும் சிப்பிரியானும் கார்த்தேஜ் நகரத்தார். அகுஸ்தீன் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்து, அங்கேயே இப்போ நகரின் ஆயராயிருந்து மறைந்தவர். ஒரிகனும் அத்தனாசியுவும் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தவர்கள். இவர்களை நாம் ஐரோப்பியரைப் போல வாசிக்கிறோம். அவர்கள் ஆப்பிரிக்கர் என்பதை மறந்துவிட்டோம்.

அலெக்சாந்திரியாவின் இறையியல் பள்ளிக்குத் தலைவராயிருந்த பாந்தேனு என்பவர் இரண்டாம் நூற்றாண்டில் இந்தியாவிற்குச் சென்றார் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். அந்த 'இந்தியா' எதுவென்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். தென் அரேபியா என்போரும் உளர். எவ்வாறாயினும், ஓர் ஆப்பிரிக்க இறையியல் ஆசிரியர் பயணியாகிக் கீழைக்கடலில் சென்றார் என்ற நினைவே நம் மூன்று அலமாரிகளுக்கும் பொதுவான முன்னோர் ஒருவரைத் தருகிறது. எத்தியோப்பியாவில் சபையை நிலைநிறுத்திய புருமெந்தியுவை ஆயராக அபிஷேகம் செய்தவர் அத்தனாசியு. திருத்தூதர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவை வாசித்த எத்தியோப்பிய மந்திரியும் பயணம் செய்துகொண்டே வாசித்தவர்தாம்.

6. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தவர்கள்

நமக்கு நற்செய்தியைக் கொண்டுவந்த ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைக் காணாமல் இங்கு வரவில்லை. பிரான்சிஸ் சவேரியார் 1541இல் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, மொசாம்பிக் தீவில் பல மாதங்கள் தங்கி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, மலிந்தியையும் சொக்கோத்திராவையும் கண்டு, 1542 மே மாதம் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்குமுன், நன்னம்பிக்கை முனையில் தங்கினர். அங்கு வாழ்ந்த கோயிகோயி மக்களின் நிலையைக் கண்டு எழுதிய மடல்கள் ஐரோப்பாவில் அச்சாயின. பின்னர் மொரேவியத் திருச்சபையினர் ஆப்பிரிக்கத் தென்முனைக்கு ஊழியரை அனுப்பியதற்கு இம்மடல்களும் தூண்டுதலாயின என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1737இல் கியோர்கு சிமித் என்னும் மொரேவியர் அங்குச் சென்றார். சிலருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததற்காக ஒல்லாந்தக் குருமாரின் எதிர்ப்புக்குள்ளாகி, 1744இல் நாடு திரும்பினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அங்கு ஊழியரில்லை. 1792இல் புதிய ஊழியர் வந்தபோது, சிமித்திடம் திருமுழுக்குப் பெற்ற மகதலேனா என்னும் முதியவள் உயிரோடிருந்தாள். அவர் அளித்த புதிய ஏற்பாட்டையும் பாதுகாத்து வைத்திருந்தாள். தமிழ்நாட்டை நோக்கி வந்த ஒருவர் எழுதிய மடல் தொடங்கிய கதை, ஆப்பிரிக்கப் பெண்ணொருத்தி காத்த ஒரு நூலில் நிறைவடைகிறது. ஒரே நூலைக் கொண்ட அவளுடைய குடிசை அன்றைய உலகின் சிறந்த நூலகங்களுள் ஒன்று எனலாம்.

இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவிற்குச் சென்ற வழியும் உண்டு. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுவர் சிலர் நாசிக் நகரில் மிஷன் பள்ளியில் கல்வி பெற்றனர். அவர்களுள் ஒருவரான யாக்கோபு வெயின்ரைட், 1873இல் லிவிங்ஸ்டன் மறைந்தபோது உடனிருந்து, அவருடைய உடலைக் கடற்கரைக்குக் கொண்டுசென்ற குழுவில் இருந்தார், நாட்குறிப்பும் எழுதினார். லிவிங்ஸ்டனின் பயண நூலைப் பெரியோரின் வீரக்கதையாக வாசிப்போர், அதன் கடைசி ஏட்டை எழுத இந்தியப் பள்ளியில் பயின்ற ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் உதவினார் என்பதை அறிதல் நலம்.

7. ஏடுகள் மறைத்த மனிதர்

இதுவரை கூறியவை மகிழ்ச்சி தருவன. ஆனால் மூன்று அலமாரிகளையும் சேர்த்து வாசிக்கும்போது நம்மை வருத்தும் செய்திகளும் வெளிப்படும். உண்மையில் இவ்வாசிப்பின் பெரும்பயன் அதுவே.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அப்படையெடுப்பில் உடன்வந்த சீர்திருத்தச் சபைப் போதகர் பிலிப்பு பால்டேயு, மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும்பற்றி 1672இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெருநூல் வெளியிட்டார். தூத்துக்குடியைப்பற்றிய வருணனை அதில் உண்டு. பரதவரைச் சீர்திருத்தச் சபைக்குக் கொண்டுவரும் முயற்சி பலிக்கவில்லை. அவர்கள் கத்தோலிக்க விசுவாசத்திலேயே உறுதியாய் நின்றனர். சீர்திருத்தச் சபையாராகிய நம் வரலாறு இக்கரையில் ஒரு தோல்வியோடு தொடங்குகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதைவிடக் கடுமையான செய்தி ஒன்றுண்டு. 1673இல் தொடங்கிய வறட்சியால் மதுரை நாட்டில் பஞ்சம் பரவியபோது, 1677 வரையிலான காலத்தில் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டனர் என்பதை ஒல்லாந்தக் கம்பெனியின் ஆவணங்களைக் கொண்டு ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். மதுரைக் கடற்கரை எனப்பட்டது நம் முத்துக்குளித்துறையே. ஒல்லாந்தர் அடிமைகளைக் கொண்டுசென்ற இடங்களுள் இலங்கையும் பத்தாவியாவும் நன்னம்பிக்கை முனையும் அடங்கும். நன்னம்பிக்கை முனைக்கு 1658 முதல் 1807 வரை கொண்டுசெல்லப்பட்ட ஏறத்தாழ 63,000 அடிமைகளுள் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்று தென்னாப்பிரிக்க வரலாற்றாசிரியர் கண்டுள்ளனர். தங்கள் சொந்தப் பெயரை இழந்த அவர்கள், 'வான் கோரமண்டல்', 'வான் மலபார்', 'வான் பெங்காலன்' என ஊர்ப்பெயரை மட்டும் சுமந்து ஏடுகளில் நிற்கின்றனர்.

இம்மனிதரை நம் திருச்சபை வரலாற்று நூல்களில் நான் கண்டதில்லை. பால்டேயுவின் காலத்து ஒல்லாந்தச் சபையின் போதனைகளைக் கற்பிக்கிறோம். அதே சபையின் நாட்டார் விற்ற மனிதரைக் கற்பிப்பதில்லை. அச்சபையின் இறையியல் எதுவரை வழிதவறக்கூடும் என்பதற்கு யாக்கோபு கப்பித்தேன் சான்று. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக்கப்பட்டு, ஒல்லாந்து நாட்டில் கல்வி பெற்ற இவர், அடிமைத்தனம் கிறிஸ்தவ விடுதலைக்கு முரணானதன்று என்று 1742இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் வாதிட்டார். பின்னர்ப் போதகராகி எல்மினாக் கோட்டைக்குச் சென்று, 1747இல் இளவயதிலேயே காலமானார். அடிமையாயிருந்தவரின் வாயாலேயே அடிமைத்தனத்தை நியாயப்படுத்தச் செய்த ஓர் இறையியலை, ஆப்பிரிக்க அலமாரியின்றி நாம் எவ்வாறு இனங்காண்போம்?

அடிமை வணிகம் சட்டப்படி ஒழிந்தபின்னும் கப்பல்கள் நிற்கவில்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நேட்டால் நாட்டின் டர்பனை அடைந்தது. 1911 வரை அவ்வாறு சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தமிழரும் தெலுங்கரும் மிகுந்திருந்தனர். ஆப்பிரிக்க வரலாறு அயலார் வரலாறன்று. நம் உறவினரின் வரலாறு அதில் உள்ளது.

8. போன நூல்களும் மீண்ட நூல்களும்

நூல்களைக் காக்கத் தவறினால் நேர்வது என்ன என்பதை இக்கரையே நன்கறியும். லிஸ்பனில் 1554இல் தமிழர் மூவரின் உழைப்பால் உரோம எழுத்தில் ஒரு தமிழ் ஞானோபதேச நூல் அச்சாயிற்று. புன்னைக்காயலை நடுவாகக் கொண்டு பணியாற்றிய அண்டிரீக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலையும், 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற நூலையும் அச்சிட்டார். 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சாயிற்றென ஆய்வாளர் பலர் கருதுவர். இக்கரையின் மக்களுக்காக அச்சான இந்நூல்களின் படிகள் இக்கரையில் எஞ்சவில்லை. 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழகத்திலும், 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்திலும் காக்கப்படுகின்றன.

சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஒரு பட்டியல் வரைந்தார். சைவ, வைணவ, சமண நூல்களோடு கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களையும் அதில் குறித்துள்ளார். கிறிஸ்தவச் சொற்களைத் தமிழில் அமைக்க அக்கத்தோலிக்க நூல்கள் தமக்கு உதவியதையும் ஒப்புக்கொண்டார். நாம் இன்று ஆராதனையில் வழங்கும் சொற்களில் ஒரு பகுதி இவ்வழியே முந்திய மறைப்பணியாளரிடமிருந்து வந்த கடன். அக்காலத் தமிழ்ச் சுவடிகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனத்தின் நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

மீட்டுத்தந்தவர்களையும் நினைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்நாட்டின் வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்து, 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய தனிநாயகம் அடிகளார், உலகின் பல நாடுகளுக்கும் பயணம் செய்து மறைந்திருந்த தமிழ் அச்சு நூல்களை அறிஞருலகிற்கு அறிமுகப்படுத்தினார். வத்திக்கானில் இருந்த 'அடியார் வரலாறு' 1967இல் இராசமாணிக்கம் அடிகளாரால் பதிப்பிக்கப்பெற்றுத் தூத்துக்குடியிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. 381 ஆண்டுகளுக்குப் பின் நூல் தன் கரைக்குத் திரும்பிற்று. எல்லா நூல்களுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பகைவர் இட்ட தீயை நாம் கண்டிக்கிறோம். நாமே எடைக்குப் போடும் நூல்களுக்கு யார் கண்ணீர் விடுவது?

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் செய்யத்தக்கன சில உள.

முதலாவது, நூலகத்திலிருந்து எந்த நூலையும் அகற்றுமுன், அது எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதை மட்டும் பாராமல், அதனுள் நம் கரையைப்பற்றி என்ன உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்பமிடுவோர் நூலைத் திறந்து பார்த்தபின் ஒப்பமிடட்டும். இதை அறிவுரையாகவன்று, அறிக்கையிடுதலாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது, திருச்சபை வரலாறு பயிலும் ஒவ்வொரு மாணவரும் தம் ஆய்வுக்கட்டுரையில் ஒரு பயண நூலையேனும் ஓர் ஆப்பிரிக்க வரலாற்று நூலையேனும் சான்றாகக் கையாளும்படி ஆசிரியர்கள் ஊக்கப்படுத்தலாம். கொற்கையைத் தேடுவோர் அதூலிசையும், தூத்துக்குடியைத் தேடுவோர் நன்னம்பிக்கை முனையையும் எட்டிப்பார்க்கட்டும்.

மூன்றாவது, குருமனைகளில் உள்ள பழைய பெட்டிகளைத் திறக்க வேண்டும். திருமுழுக்கு, திருமணம், அடக்கப் பதிவேடுகள், சபைக்கூட்டக் குறிப்புகள், பழைய மிஷன் அறிக்கைகள் ஆகியவற்றை இராமபாணப் பூச்சியும் கரையானும் தின்றுகொண்டிருக்கின்றன. வசம்பும் வேப்பிலையும் இட்டுக் காற்றோட்டமான இடத்தில் வைப்பதற்கு மிகுந்த பொருட்செலவு வேண்டியதில்லை. படம் எடுத்துக் கணினியில் சேமிப்பதற்கும் இன்று வழிகள் உள. ஆனால் படம் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை எறிந்துவிடலாகாது.

ஆதிச்சநல்லூரில் வினவிய மாணவருக்கு விடை எழுதி அனுப்பினேன். யாகோர் மிஷனெரியல்லர் என்றும், அவருடைய நூல் இருந்திருக்கக்கூடிய அலமாரியை அகற்ற நானும் ஒப்பமிட்டேன் என்றும் அதில் குறிப்பிட்டேன். அவர் இப்போது ஒரு சிற்றூரில் ஆயர். தம் குருமனையில் கிடைத்த பழைய பதிவேடுகளைத் துடைத்து அட்டையிட்டு வைத்திருப்பதாக அண்மையில் எழுதியிருந்தார். அப்பதிவேடுகளை நாளை யார் கேட்பார் என்று அவருக்குத் தெரியாது, கார்ப்புவுக்கும் தெரிந்திராது. கேட்கும் நாளில் அவை இருக்கும்.